தண்டுவடக் காயம்: வீட்டுப் பராமரிப்பில் அறிகுறி கண்டு காரணம் தேடும் முறை

கழுத்து மட்டத்தில் தண்டுவடம் அடிபட்டு உணர்விழந்தவருக்குச் சிறுநீர்ப்பை நிரம்பித் ததும்பினால் அடிவயிறு வலிப்பதில்லை, தலை வலிக்கிறது. கால் பெருவிரல் நகம் சதைக்குள் புதைந்தால் விரல் வலிப்பதில்லை. இரண்டு கால்களும் துள்ளத் தொடங்குகின்றன. மலம் இறுகி அடைத்துக்கொண்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் முனகுவதில்லை. மூக்கடைக்கிறது, முகம் வியர்க்கிறது. கோளாறு ஓரிடத்திலும் முறையீடு வேறோரிடத்திலுமாக இருப்பதால், வலிக்கும் இடத்தைப் பார்த்து மருந்து கொடுக்கும் நம் வழக்கமான புத்தி இங்கே தவறான திசையில் போய்விடுகிறது. கழுத்தின் 6-ஆவது எலும்பு மட்டத்தில் காயமுற்ற என் தம்பியைப் பல ஆண்டுகளாக வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பவள் என்ற முறையில், எந்த அறிகுறிக்கு எங்கே தேட வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன். உங்கள் மருத்துவர் தனியாகச் சொல்லியிருப்பவை இதற்கு மாறாக இருந்தால் அவர் சொன்னதையே பின்பற்றுங்கள்.

தேடத் தொடங்கும் முன்: இயல்பு நிலை என்ன?

எது மாறியிருக்கிறது என்று கண்டுபிடிக்க, எது மாறாமல் இருந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஒரு நோட்டில் காயத்தின் மட்டம், உட்கார்ந்திருக்கும்போதும் படுத்திருக்கும்போதும் உள்ள இரத்த அழுத்தம், ஒரு தடவைக்கு வெளியேறும் சிறுநீரின் அளவு, கடைசியாக மலம் கழிந்த நாள், இரண்டு கெண்டைக்கால்களின் சுற்றளவு, மருந்துகளின் பெயரும் அளவும் ஆகியவற்றை எழுதி வையுங்கள். இவற்றில் இரத்த அழுத்தம் மிக முக்கியமானது. மார்பின் 6-ஆவது எலும்பு மட்டத்துக்கு, அதாவது டி-6க்கு, மேலே காயமுற்றவர்களுக்கு மேல் அழுத்தம் 90 முதல் 110 வரை இருப்பதே இயல்பு. மற்றவர்களுக்கு வகுத்த 120 அவர்களுக்குப் பொருந்தாது.

ஒருமுறை அவசரச் சிகிச்சைப் பிரிவில் தம்பியின் மேல் அழுத்தம் 148 காட்டியது. பணியில் இருந்த மருத்துவர், பதற்றத்தால் கொஞ்சம் ஏறியிருக்கும் என்று சொல்லி எங்களைக் காத்திருக்க வைத்தார். அவனுடைய இயல்பு 96. தேதிவாரியாக அந்த எண்ணே திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்த பக்கத்தை விரித்துக் காட்டிய பிறகுதான் 52 புள்ளிகள் ஏறியிருக்கின்றன என்பது அவருக்குப் புலப்பட்டது. அன்றிலிருந்து அந்த நோட்டு சக்கர நாற்காலியின் முதுகுப் பையிலேயே இருக்கிறது.

திடீரென்று தலை தெறிக்கிறது, முகம் சிவந்து வியர்க்கிறது

காயம் டி-6 மட்டத்திலோ அதற்கு மேலோ இருந்தால், இதை ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா என்றே முதலில் கொள்ள வேண்டும். காயத்துக்குக் கீழே ஏதோ ஒன்று உறுத்துகிறது, அந்தச் செய்தி தண்டுவடத்தில் ஏறி, காயத்தைத் தாண்ட முடியாமல் அங்கேயே இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்கிறது, அழுத்தம் ஏறுகிறது. மூளை அதை உணர்ந்து இதயத்தை மெதுவாக அடிக்கச் சொல்கிறது, முகத்திலும் கழுத்திலும் குழாய்களை விரிக்கிறது. ஆனால் வயிற்றிலும் கால்களிலும் உள்ள குழாய்களைத் தளர்த்தும் அதன் கட்டளை காயத்தைக் கடந்து கீழே இறங்குவதில்லை. அதனால்தான் மேலே சிவப்பும் வியர்வையும் மூக்கடைப்பும், கீழே வெளிறிக் குளிர்ந்து மயிர்க்கூச்செறிந்த தோலும், நாடித் துடிப்பில் மந்தமும் ஒரே நேரத்தில் காணப்படுகின்றன. மேல் அழுத்தம் இயல்பைவிட 20 முதல் 40 புள்ளிகள் ஏறியிருந்தாலே போதும், இதுதான் என்று முடிவு செய்யலாம். கவனிக்காமல் விட்டால் வலிப்போ மூளையில் இரத்தக் கசிவோ ஏற்படக்கூடும் என்பதால் இது அவசர நிலை.

முதல் தடவை நான் செய்தது முழுவதும் தவறு. இரவு இரண்டு மணிக்கு “அக்கா, தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது” என்று அவன் கூப்பிட்டபோது, தலையணையை எடுத்துவிட்டு அவனை மட்டமாகப் படுக்க வைத்து வலி மாத்திரை கொடுத்தேன். படுத்தால் அழுத்தம் இன்னும் ஏறும் என்பது எனக்குத் தெரியாது. போர்வையைச் சரி செய்யப்போனபோதுதான், தொடைக்கடியில் போர்வை மடிப்போடு சேர்ந்து, சிறுநீரை வெளியே கொண்டுவரும் கதீட்டர் குழாய் ‘ட’ போல மடங்கிக் கிடப்பதையும், மாலையில் காலி செய்த சிறுநீர்ப் பை அப்படியே தட்டையாக இருப்பதையும் பார்த்தேன். குழாயை நிமிர்த்தியதும் சிறுநீர் சரசரவென்று இறங்கியது. பை பாதி நிறைவதற்குள் அவன் நெற்றியிலிருந்த வியர்வை அடங்கிவிட்டது.

செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, கால்களைத் தொங்க விடுங்கள். இரத்தம் கீழே இறங்குவதால் அழுத்தம் கொஞ்சம் குறையும். இடுப்புப் பட்டை, வயிற்றுப் பட்டை, காலுறை, காலணி, சிறுநீர்ப் பையின் கால் வார் என இறுக்கமாக உள்ள எல்லாவற்றையும் தளர்த்துங்கள். அழுத்தத்தை 2 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே காரணத்தைத் தேடுங்கள்.

தேடலில் முதல் இடம் சிறுநீர்ப்பைக்கே, ஏனென்றால் பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். கதீட்டர் பொருத்தியிருந்தால் குழாய் நெடுகக் கையால் தடவிச் சென்று மடிப்பும் முறுக்கும் இருக்கின்றனவா, பை நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் சிறுநீர் வரவில்லை என்றால் குழாய் உள்ளே அடைபட்டிருக்கிறது. கழுவிவிடும் பயிற்சி உங்களுக்கு இருந்தால் உடல் வெப்பத்தில் உள்ள கிருமி நீக்கிய உப்பு நீர் 10 முதல் 15 மில்லி வரை மட்டுமே செலுத்திப் பாருங்கள், அதற்கும் அசையாவிட்டால் குழாயை மாற்றியாக வேண்டும். கதீட்டர் இல்லாதவருக்கு மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன் ஜெல் தடவிக் குழாய் நுழைத்துச் சிறுநீரை எடுங்கள். எந்தச் சூழ்நிலையிலும் அடிவயிற்றை அமுக்கவோ தட்டவோ கூடாது. உறுத்தல் கூடி அழுத்தம் மேலும் ஏறும்.

சிறுநீர்ப்பை காரணமில்லை என்றால் அடுத்தது மலக்குடல். இங்கே அவசரப்பட்டு விரலை நுழைத்தால் அதுவே இன்னொரு தூண்டுதலாகிவிடும். லிக்னோகைன் ஜெல்லைத் தாராளமாகத் தடவி, குறைந்தது 2 நிமிடமாவது, முடிந்தால் 5 நிமிடம், பொறுத்திருந்து பிறகு மெதுவாகப் பாருங்கள். நடுவில் தலைவலி கூடினால் உடனே நிறுத்திவிடுங்கள். மூன்றாவது தோல்: புண், சுட்ட கொப்புளம், உள்வளர்ந்த நகம், ஆடையின் மடிப்பு, நசுங்கிக் கிடக்கும் விதை, அடியில் சிக்கிய ஏதேனும் பொருள் ஆகியவற்றைத் தலைமுதல் கால்வரை தேடுங்கள்.

காரணம் அகப்படாவிட்டாலும், காரணத்தை நீக்கியும் மேல் அழுத்தம் 150க்குக் கீழே இறங்காவிட்டாலும் ஆம்புலன்ஸை அழைத்துவிடுங்கள். இதற்கென்று மருத்துவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த மாத்திரையோ களிம்போ இருந்தால் அவர் சொன்ன அளவில் கொடுக்கலாம். அது நைட்ரேட் வகை மருந்தானால், ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் கடந்த 24 மணி நேரத்துக்குள்ளோ, டடாலஃபில் 48 மணி நேரத்துக்குள்ளோ எடுக்கப்பட்டதா என்று கூச்சப்படாமல் கேட்டுவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் அழுத்தம் அபாயகரமாகச் சரியும். எல்லாம் அடங்கிய பின்னும் 2 மணி நேரமாவது அழுத்தத்தைக் கண்காணியுங்கள்.

சிறுநீர் கசிகிறது, கலங்கி வருகிறது, அல்லது வரவே இல்லை

கதீட்டரைச் சுற்றிக் கசிவு ஏற்பட்டால் குழாய் சிறிதாக இருக்கிறது என்று எண்ணிப் பெரிய அளவுக்கு மாறுவதுதான் பலரும் செய்யும் தவறு. உண்மையில் குழாய் அடைபட்டிருப்பதாலோ, சிறுநீர்ப்பை தானாகச் சுருங்கித் தள்ளுவதாலோ, மலச்சிக்கலால் குடல் அழுத்துவதாலோதான் பெரும்பாலும் கசிகிறது. குழாயையும் குடலையும் பார்த்த பிறகே அளவைப் பற்றி யோசிக்கலாம். பை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும். அவரைத் தூக்கி மாற்றும் வேளையில் பையை மடியில் வைத்துவிட்டு மறந்துபோவது, எங்கள் வீட்டில் நடந்ததுபோலவே எல்லா வீடுகளிலும் நடக்கிறது.

அவ்வப்போது குழாய் நுழைத்துச் சிறுநீர் எடுப்பவர்களுக்கு 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுப்பதும், ஒரு தடவைக்கு 500 மில்லியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதும் பொதுவான முறை. இரண்டு வேளைக்கு நடுவில் கசிந்தால் எடுத்த அளவை நோட்டில் பாருங்கள். அளவு 500ஐத் தாண்டியிருந்தால் இடைவெளி நீண்டுவிட்டது, அல்லது ஒரே நேரத்தில் நிறையக் குடித்திருக்கிறார். அளவு குறைவாக இருந்தும் கசிந்தால் சிறுநீர்ப்பையின் துடிப்பு கூடியிருக்கிறது. கிருமித் தொற்றோ மருந்தின் போதாமையோ காரணமாக இருக்கலாம்.

கலங்கிய சிறுநீரைப் பார்த்ததும் நுண்ணுயிர் எதிர்ப்பு மாத்திரையைத் தேடி ஓட வேண்டாம். குழாய் பயன்படுத்துவோரின் சிறுநீரில் கிருமிகள் இருப்பது சகஜம்; வேறு அறிகுறி இல்லாமல் பரிசோதனைத் தாளில் மட்டும் கிருமி தென்பட்டால் பொதுவாகச் சிகிச்சை தேவைப்படுவதில்லை. ஒவ்வொரு கலங்கலுக்கும் மாத்திரை விழுங்கினால், பிறகு உண்மையான தொற்று வரும்போது எந்த மாத்திரையும் வேலை செய்யாமல் போகும். தண்ணீரைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து ஒரு நாள் பாருங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், வழக்கத்துக்கு மாறான கால் துள்ளல், புதிய கசிவு, சோர்வு, தலைவலி ஆகியவற்றில் ஏதேனும் கலங்கலோடு சேர்ந்தால் அது தொற்று. மாத்திரைக்கு முன்னால் சிறுநீரை, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். பையில் தேங்கிய பழைய சிறுநீரைக் கொடுக்கக் கூடாது. புதிதாகக் குழாய் மாற்றி எடுத்ததைக் கொடுக்க வேண்டும்.

மலம் நீராகக் கசிகிறது

வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதை நிறுத்தும் மருந்து கொடுப்பதற்கு முன்னால், கடைசியாகக் கெட்டியாக மலம் போன நாளை நோட்டில் பாருங்கள். மூன்று நான்கு நாட்களாகச் சரியாகப் போகவில்லை, வயிறு உப்பியிருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, ஆனால் துணியில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நீர் கசிகிறது என்றால், இறுகிய மலக் கட்டியின் ஓரமாக மேலே உள்ள நீர்த்த மலம் வழிந்து வருகிறது என்று பொருள். அப்போது போக்கை நிறுத்தும் மருந்து கொடுத்தால் அடைப்பு இன்னும் கெட்டிப்படும். கட்டியை எடுக்க வேண்டும். கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தால் செவிலியரோ மருத்துவரோ பார்க்க வேண்டும்.

ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தவருக்கு முறை தவறிவிட்டால், அவருடைய குடல் எந்த வகை என்பதைத் தெரிந்து வைத்திருப்பது உதவும். காயம் மேலே இருந்தால் பொதுவாக ஆசனவாய் இறுகியிருக்கும், குடலின் அனிச்சைச் செயல் மிச்சமிருக்கும். அவர்களுக்கு ஆசனவாய்க்குள் வைக்கும் மருந்தான சப்போசிட்டரி வைத்து, கையுறை அணிந்து ஜெல் தடவிய விரலை 15 முதல் 20 நொடி மெதுவாக வட்டமாகச் சுழற்றினால் குடல் தானே தள்ளும். 5 முதல் 10 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யலாம். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் காயமுற்றவர்களுக்கு அந்த அனிச்சைச் செயல் இருக்காது, ஆசனவாய் தளர்ந்திருக்கும். சுழற்றிப் பயனில்லை, விரலால்தான் எடுக்க வேண்டும். முதல் வகையினருக்கு மலம் மென்மையாகவும், இரண்டாவது வகையினருக்குக் கசியாதபடி சற்றுக் கெட்டியாகவும் இருக்க வேண்டும் என்பதால், ஒருவருக்கு உதவிய மலமிளக்கியை இன்னொருவருக்குப் பரிந்துரைப்பது சரியாக வராது.

சாப்பிட்ட 20 முதல் 30 நிமிடத்துக்குள் குடல் தானாகவே அசையத் தொடங்கும் என்பதால் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்து, தினமுமோ ஒன்றுவிட்ட ஒரு நாளோ அதே நேரத்தில் செய்யுங்கள். மருந்தில் மாற்றம் செய்தால் ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, குறைந்தது மூன்று நான்கு தடவை பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். கூச்சம் இருவருக்கும்தான் இருக்கும். தம்பி அந்த நேரத்தில் வானொலியைச் சத்தமாக வைத்துக்கொள்வான், நான் எதுவும் பேசுவதில்லை. எங்களுக்கு அந்த ஏற்பாடு ஒத்துவந்தது.

தோலில் சிவப்பு அல்லது கருத்த திட்டு

விரலால் அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்துப் பிறகு மீண்டும் சிவந்தால் அது எச்சரிக்கை மட்டுமே. வெளுக்காமல் அப்படியே இருந்தால் அதுதான் படுக்கைப் புண்ணின் முதல் நிலை. தோல் கிழியாததால் புண் இல்லை என்று எண்ணக் கூடாது. கருநிறத் தோலில் இந்தச் சிவப்பு தெரியாது. அங்கே பக்கத்துத் தோலைவிட நிறம் ஆழ்ந்திருக்கிறதா, புறங்கையால் தொட்டால் சூடாக இருக்கிறதா, விரலுக்குக் கெட்டியாகவோ சொதசொதவென்றோ படுகிறதா என்று பார்க்க வேண்டும். நான் கண்ணைவிடப் புறங்கையைத்தான் நம்புகிறேன்.

திட்டு கண்ட இடத்தின் மீது, அது முழுவதும் மறையும்வரை, உடல் எடை படவே கூடாது. உட்காரும் எலும்பின் மேல் கண்டால் உட்காருவதை நிறுத்த வேண்டும். இதுதான் மிகவும் கடினமான மருந்து, ஆனால் இரண்டு மூன்று நாள் படுக்கையைத் தவிர்க்கப்போய் மாதக்கணக்கில் படுத்தவர்கள் உண்டு. அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள். உள்ளே ஏற்கெனவே நொந்திருக்கும் திசு கிழியும். நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணையை வைக்காதீர்கள். வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி நடுவுக்கு வரும் இரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். கொப்புளம், கிழிந்த தோல், கருஞ்சிவப்பான ஆழ்ந்த நிறம், நாற்றம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே காட்டிவிட வேண்டும்.

பிறகு காரணத்தைத் தேடுங்கள். திட்டு இருக்கும் இடமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். வால் எலும்பின் மேல் இருந்தால், படுக்கையின் தலைப்பக்கத்தை நீண்ட நேரம் உயர்த்தி வைத்ததால் உடல் வழுக்கித் தோல் இழுபட்டிருக்கலாம். சாப்பாட்டு நேரம் தவிர 30 பாகைக்கு மேல் உயர்த்தாமல் இருப்பது நல்லது. இடுப்பின் பக்க எலும்பில் இருந்தால் முழுதாக ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கிறீர்கள். முதுகுக்குப் பின்னே தலையணை வைத்து 30 பாகை சாய்வே போதும். குதிகாலில் இருந்தால் கெண்டைக்கால் முழுவதற்கும் அடியில் தலையணை வைத்துக் குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். உட்காரும் எலும்பில் இருந்தால் நாற்காலி மெத்தையைச் சோதியுங்கள்: காற்று மெத்தையானால் அவர் உட்கார்ந்திருக்கும்போதே அடியில் கைவிட்டு, எலும்புக்கும் இருக்கைப் பலகைக்கும் நடுவில் 1.5 முதல் 2.5 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். காற்று குறைந்தால் எலும்பு பலகையில் முட்டும். கூடினாலும் மெத்தை கல்போலாகிவிடும்.

படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பதும், நாற்காலியில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னாலோ பக்கவாட்டிலோ சாய்ந்து ஒன்றிரண்டு நிமிடம் எடையை எடுப்பதும் தொடக்க அளவுகள். திட்டு தென்படுகிறதென்றால் அவருடைய தோலுக்கு அந்த இடைவெளி அதிகம் என்று கொண்டு குறைக்க வேண்டும். ஒருநாள் தம்பியின் தொடையின் பின்புறம் தெளிவான ஒரு நீள்வட்டம் பதிந்திருந்தது. மெத்தையிலும் துணியிலும் எதுவும் இல்லை. கடைசியில் அது கால்சட்டையின் பின்பையில் இருந்த பேனா மூடி. மதியம் முழுவதும் அவன் அதன் மேல் உட்கார்ந்திருந்திருக்கிறான். பின்பையுள்ள கால்சட்டைகளை எல்லாம் அன்று பிரித்துத் தைத்துவிட்டேன்.

கால் துள்ளலும் இறுக்கமும் திடீரென்று கூடுகின்றன

துள்ளல் இருப்பது இயல்பு. கூடுவது ஒரு செய்தி. இறுக்கத்துக்கான மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு முன்னால் சிறுநீர், மலம், தோல், நகம் என்ற அதே வரிசையில் தேடுங்கள். அதன் பிறகும் விடை கிடைக்காவிட்டால் கால் வீக்கத்தையும் எலும்பு முறிவையும் சந்தேகிக்க வேண்டும். துள்ளும் காலை மல்லுக்கட்டி அமுக்காதீர்கள். உள்ளங்கை முழுவதும் படும்படி பிடித்து மெதுவாக நீட்டி, தளரும்வரை அப்படியே வைத்திருங்கள்.

இறுக்கத்தைத் தளர்த்தும் பேக்லோஃபென் எடுப்பவராக இருந்தால் ஒன்றை மறக்கவே கூடாது: அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. மாத்திரை தீர்ந்து ஓரிரு நாள் விட்டுப்போனாலும் கடுமையான இறுக்கம், காய்ச்சல், இல்லாதது தெரியும் மனக்குழப்பம், வலிப்பு வரை போகலாம். வயிற்றில் பம்ப் பொருத்தி முதுகெலும்புக்குள் மருந்து செலுத்தப்படுபவருக்கு மருந்து நிரப்பும் தேதி தவறினால் ஆபத்து இதைவிடப் பெரியது. அறிகுறிகள் தென்பட்டால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது

இரண்டு கால்களும் மாலையில் ஒரேபோல வீங்கிக் காலையில் வடிந்தால் அது தொங்க விட்டதால் தேங்கிய நீர். ஒரு கால் மட்டும் வீங்கினால் வீட்டில் வைத்துப் பார்க்கும் விஷயமில்லை. தையல் நாடாவால் இரண்டு கெண்டைக்கால்களையும் ஒரே உயரத்தில் அளந்து நோட்டோடு ஒப்பிடுங்கள். 3 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால் இரத்தக் குழாயில் உறைகட்டி இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். வித்தியாசம் அதைவிடக் குறைவாக இருப்பதால் மட்டும் உறைகட்டி இல்லை என்று விட்டுவிடவும் கூடாது. காயத்துக்குப் பின் முதல் 3 மாதங்களில் இந்த ஆபத்து மிக அதிகம். காலைத் தேய்க்காதீர்கள், உடற்பயிற்சி கொடுக்காதீர்கள். கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் மூச்சுத் திணறலும் உயிராபத்தும் உண்டு.

நாளான காயத்தில் முழங்காலுக்கு மேல் வீக்கம் கண்டால், தூக்கி மாற்றும்போது கால் முறுக்கிக்கொண்டதா என்று நினைத்துப் பாருங்கள். எடை தாங்காத எலும்பு பலமிழந்துபோவதால், விழாமலேகூட முறிந்துவிடும். வலி தெரியாததால் முறிந்ததும் தெரியாது. இடுப்பு மூட்டின் அசைவு நாளுக்கு நாள் குறைந்து சூடும் வீக்கமும் இருந்தால், மூட்டைச் சுற்றித் தசைக்குள் எலும்பு வளர்வதும் ஒரு காரணமாக இருக்கலாம். மூன்றையும் படம் எடுத்துத்தான் பிரித்தறிய முடியும்.

உட்கார வைத்ததும் கண் இருட்டுகிறது

இது முன்னே சொன்ன, அழுத்தம் ஏறித் தலை தெறிப்பதற்கு நேர் எதிரானது. இரத்தம் கால்களில் தங்கி அழுத்தம் சரிகிறது. சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டு, பின்னால் நின்றுகொண்டு நாற்காலியை உங்கள் மீது சாய்த்து, கால்கள் உயரும்படி ஒன்றிரண்டு நிமிடம் வைத்திருந்தால் தெளிவு வந்துவிடும். மறுநாள் முதல் வயிற்றுப் பட்டையும் அழுத்தக் காலுறையும் படுக்கையிலேயே அணிவித்து, தலைப்பக்கத்தைப் படிப்படியாக உயர்த்திய பிறகு மாற்றுங்கள்.

உடல் சுடுகிறது, அல்லது சளி வெளியே வரவில்லை

காயத்துக்குக் கீழே வியர்வை சுரப்பதும் குளிரில் நடுங்குவதும் சரியாக நடப்பதில்லை என்பதால், மேல்மட்டக் காயமுற்றவரின் உடல் அறையின் வெப்பத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். வெப்பமான அறையில் 38 பாகை செல்சியஸ் காட்டினால் முதலில் குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றி, போர்வையை எடுத்து, ஈரத்துணியால் துடைத்து விசிறி போடுங்கள். அரை மணி ஒரு மணியில் இறங்கினால் அது சூழலின் வெப்பம். இறங்காவிட்டால் சிறுநீர், மார்பு, தோல், கால் என்று தொற்றையும் உறைகட்டியையும் தேட வேண்டும். குளிருகிறது என்று சொல்லும்போது வெந்நீர்ப் பையை உணர்வில்லாத இடத்தில் வைக்கவே கூடாது. தோல் வெந்துபோவது அவருக்குத் தெரியாது.

கழுத்துக் காயமுற்றவருக்கு இருமத் தேவையான வயிற்றுத் தசை வேலை செய்வதில்லை. நெஞ்சில் கரகரப்பு கேட்டால், உள்ளங்கைகளை விலா எலும்புகளுக்கு அடியில், தொப்புளுக்கு மேலே வைத்து, அவர் மூச்சை இழுத்து இருமும் அதே கணத்தில் உள்நோக்கியும் மேல்நோக்கியும் தள்ளுங்கள். பிசியோதெரபிஸ்டிடம் நேரில் கற்றுக்கொள்ளாமல் செய்ய வேண்டாம். விலா முறிந்தவருக்கும், வயிற்றின் பெருஞ்சிரையில் உறைகட்டியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்தியவருக்கும், சாப்பிட்ட உடனேயும் செய்யக் கூடாது. மூச்சு வாங்குபவரை நிமிர்த்தி உட்கார வைக்கவே நம் கை போகும். ஆனால் கழுத்துக் காயத்தில் மட்டமாகப் படுத்திருக்கும்போதுதான் பலருக்கு மூச்சு இழுப்பது எளிது, ஏனெனில் உட்கார்ந்தால் வயிறு முன்னால் சரிந்து உதரவிதானத்தின் பிடி தளர்கிறது. எந்த நிலை சுகமாக இருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். மூச்சு வேகம் கூடினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, அவர் தூங்கி வழிந்தாலோ காத்திருக்கக் கூடாது.

உணர்வின்மை மேலே ஏறுகிறது

நேற்றுவரை தூக்கிய டம்ளரை இன்று தூக்க முடியவில்லை, உணர்வு நிற்கும் கோடு ஒரு விரல் அளவு மேலே போயிருக்கிறது, இருமினால் கழுத்தில் வலிக்கிறது என்றால் சோம்பல் என்றோ சோர்வு என்றோ தள்ளிவிடாதீர்கள். காயத்துக்குப் பல ஆண்டுகள் கழித்தும் தண்டுவடத்துக்குள் நீர்க்குழி உண்டாகி விரிவடைவது உண்டு; எம்.ஆர்.ஐ. எடுத்தே அதைப் பார்க்க முடியும்.

எதுவும் அகப்படவில்லை, ஆனால் ஏதோ சரியில்லை

“என்னவோ மாதிரி இருக்குக்கா” என்பதும் ஓர் அறிகுறிதான். உணர்வில்லாத உடலில் அதைவிடத் துல்லியமாக அவரால் சொல்ல முடியாமல் போகலாம். சிறுநீர்ப்பை, மலக்குடல், தோல் ஆகிய மூன்று இடங்களையும் இரண்டாம் முறை பாருங்கள். முகம் கொடுத்துப் பேசாமை, சாப்பாடு வேண்டாம் என்பது, தூக்கமின்மை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை உடல் நோயைப் போலவே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சாவைப் பற்றிப் பேசினால் இரண்டு வாரம் பொறுக்க வேண்டியதில்லை, அன்றே சொல்லிவிட வேண்டும்.

மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்கும்போது பதற்றத்தில் கதையை நடுவிலிருந்து தொடங்கிவிடுவோம். காயத்தின் மட்டம், இயல்பான இரத்த அழுத்தம், இப்போதைய அழுத்தம், வெப்பநிலை, கடைசியாகச் சிறுநீர் எடுத்த நேரமும் அளவும், கடைசியாக மலம் கழிந்த நாள், தோலில் கண்டது, இதுவரை செய்தது என்ற வரிசையில் சொன்னால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். நான் இந்த வரிசையை நோட்டின் பின் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நான் வீட்டில் இல்லாத நாளில் பக்கத்து வீட்டுப் பையன் அதை அப்படியே வாசித்துக் காட்டியிருக்கிறான்.